ஏழாவது பாட்டு

“உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. அந்த ஏழாவது பாட்டைக் கேட்டுட்டுத்தான் எழுதினீங்களா?”

ஆசிரியர் இப்படிக் கேட்டதும் விமர்சகர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுவது அவர் வேலை. ஆசிரியரோ அவர் மனைவியின் சொந்த அண்ணன்.

“என்ன மச்சான், நீங்களே சந்தேகப்பட்டா எப்படி?”

“மழையில ரத்தான நிகழ்ச்சிக்கு ‘அரங்கம் நிரம்பி வழிந்தது’ன்னு எழுதினவராச்சே நீங்க. அதுக்கு மன்னிப்புக் கேட்டே நான் ஓய்ஞ்சு போயிட்டேன். இப்போ நீங்க எழுதின அந்த ஆல்பத்தைப் போட்ட ஆளே நேர்ல வந்து உட்கார்ந்திருக்கார். ஏழாவது பாட்டைப் பத்தி உங்ககிட்டதான் பேசணுமாம். இவரும் குறை சொல்லிட்டுப் போனா, நாளையிலேர்ந்து நீங்க பிழை திருத்துற மேஜைக்குப் போயிடுங்க. தங்கச்சி முகத்துக்காகப் பார்த்ததெல்லாம் போதும்.”

விமர்சகர் ஆல்பத்தைக் கேட்கவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சோபாவில் சாய்ந்து, முறையாகத்தான் ஆரம்பித்தார். பாட்டு என்பதே ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். அதில் பாடுகிறவர் கிடையாது, தாளம் கிடையாது. மின்னணுக் கருவியிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கிளம்பும். அதன் மேல், கம்பளியைக் கையால் தடவுவது போல ஒரு சொரசொரப்பு. எங்கேயோ தூரத்தில் ஒரு மணி, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து அடிக்கும். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் வினையாகப் போயிற்று. மூன்றாவது பாட்டு தொடங்கும்போது இவருடைய குறட்டையும் கூடவே தொடங்கிவிட்டது.

மறுநாள் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அதற்கு மறுநாள் நின்றுகொண்டே கேட்டார். சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் மனைவிதான் படுக்க வைத்தாள்.

கடைசியில் ஆல்பத்தின் உறையைத் திருப்பிப் பார்த்தார். மொத்தம் ஏழு பாட்டு. இருப்பதிலேயே நீளமானது ஏழாவது. அவ்வளவு தூரம் எவன் வந்து பார்க்கப்போகிறான் என்ற தைரியத்தில், ‘இந்த ஆல்பத்தின் உயிரே ஏழாவது பாட்டில்தான் இருக்கிறது’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

வந்துவிட்டார் ஒருவர்.

கண்ணாடி அறைக்குள் இசைக்காரர் காத்திருந்தார். சண்டைக்கு வந்தவர் போலத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். விமர்சகர் உட்கார்ந்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, கைபேசியை மேஜை மேல் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

“நீங்க பேசறதைப் பதிவு பண்ணிக்கறேன் சார். ஆட்சேபம் இல்லையே?”

விமர்சகர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். சாட்சியம் சேகரிக்கிறார், சந்தேகமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“தாராளமா,” என்றார் விமர்சகர்.

“ஏழாவது பாட்டு எப்படி ஆரம்பிக்குது?”

“மெதுவா.”

“அப்புறம்?”

“அப்புறம் கொஞ்சம் வேகமா... இல்லல்ல, அதுவும் மெதுவாதான்.”

“சரி. நடுவுல பறவைச் சத்தம் மாதிரி ஏதாவது வருதா?”

ஆம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. “கேக்கறவங்க மனசைப் பொறுத்தது சார். பறவைன்னு நினைச்சா பறவை.”

இசைக்காரர் தலையாட்டிவிட்டு முன்னால் குனிந்தார். “ஆள் சத்தம் ஏதாவது கேட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

விமர்சகர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எந்த இசைக்காரராவது இதில் ஆள் சத்தத்தை விட்டுவைப்பாரா? இது பொறியேதான். “சேச்சே, அப்படி ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பேனே.”

எதிரில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். அது கோபமா ஏமாற்றமா என்று விமர்சகருக்குப் பிடிபடவில்லை.

“எப்படி முடியுது சார்?”

அதோடு விமர்சகரின் சரக்கு தீர்ந்தது. பிழை திருத்துகிற மேஜையும், அதைக் கேட்டு மனைவி பார்க்கப்போகும் பார்வையும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. மாட்டிக்கொண்டு விழிப்பதைவிடத் தானே சொல்லிவிடுவது கௌரவம் என்று பட்டது.

“சார், இனிமே மறைச்சுப் பிரயோஜனமில்ல. உங்ககிட்ட ஒரு உண்மையை...”

“வேணாம் சார்,” என்று இசைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிப் பக்கம் ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல நான் சொல்லிடறேன். உங்க விமர்சனத்தைப் படிச்சுட்டு, நாளைக்கு மேடையில ஏழாவதைத்தான் வாசிக்கணும்னு எல்லாரும் ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. ஆனா அதைப் பதிவு பண்ணும்போது மெஷினை ஓடவிட்டுட்டு நானே தூங்கிட்டேன் சார். என் குறட்டையும் அதுல விழுந்திருக்குமோன்னு பயம். அப்புறம் எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல கண்ணு சொருகிடுது.”

கைபேசியை இன்னும் கொஞ்சம் விமர்சகர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இந்த உலகத்துலயே அதை முழுசா கேட்ட ஒரே ஆள் நீங்கதான். கொஞ்சம் பெரிய மனசு பண்ணி, அதுல என்னதான் இருக்குன்னு ஆரம்பத்துலேர்ந்து பாடிக் காட்டுங்க சார்.”