ஆற்றின் பட்டயம்

வடகோடிப் பனிக்கரையில் மடம் கட்ட வந்த மூன்று கிறிஸ்தவத் துறவிகளில் இரண்டு பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிஞ்சிய வர்லாமைக் கலைமான் மேய்க்கும் பியேரா தன் கூடாரத்துக்குத் தூக்கிப் போனான். ஈறு அழுகிக் கிடந்தவருக்கு அவன் மனைவி மீனை மென்று ஊட்டினாள். ஒன்பது ஆண்டுகளில் மடம் எழுந்தது, புதிய துறவிகள் வந்து சேர்ந்தார்கள், வர்லாம் மடத்தின் தலைவரானார். பிறகு பியேரா மீன் பிடித்துவந்த பக்கத்து ஆற்றை மடத்துக்கே எழுதிக் கொடுத்து அரசரின் பட்டயம் வந்தது. பனி உடைந்ததும் பியேரா வழக்கம்போல் வலையோடு வந்தான்.

“இனி இங்கே மீன் பிடிக்கக் கூடாதப்பா. ஆறு மடத்துக்குச் சொந்தம்” என்றார் வர்லாம்.

“யார் கொடுத்தது?”

“அரசர்.”

“அவர் இந்த ஆற்றைப் பார்த்திருக்கிறாரா சாமி?”

“இல்லை.”

பியேரா சிரித்துவிட்டு வலையை வீசினான். “அறுத்துவிடுங்கள்” என்றார் வர்லாம். உடன் நின்ற துறவிகள் அசையவில்லை. மீன் இல்லாவிட்டால் அவன் பிள்ளைகள் அடுத்த குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவரே கத்தியோடு தண்ணீரில் இறங்கினார். பியேரா தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். அறுத்து முடிக்கும்வரை தன் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை என்பதை வர்லாம் கவனித்தார்.