மூன்றாவது பிளக்

"இன்னும் நாற்பது நிமிஷம்தாங்க," என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றபடி.

நூலகர் தலையை நிமிர்த்தவில்லை. காரின் பானெட்டுக்குள் பாதி உடம்பு புகுந்திருந்தது. "ரெண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டேன். மூணாவது அசைய மாட்டேங்குது."

"பலமாத் திருப்பிப் பாருங்களேன்."

"இன்ஜின் கொதிச்சுக் கிடக்கு. இப்பப் பலவந்தம் பண்ணினா மரை போயிடும். அப்புறம் இன்னிக்கு இது எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

அவள் உள்ளே ஓடினாள்.

மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார். பெட்ரோலைவிட ஆயிலை ஆசையாகக் குடிக்கும். அதனாலேயே நூலகர் ஞாயிறு தவறாமல் ஆயில் அளவைப் பார்ப்பார், குறைந்ததை ஊற்றுவார், ஃபில்டர் மாற்றுவார். எல்லாம் வீட்டு முற்றத்திலேயே. விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பிய இன்ஜின், எட்டரைக்கு இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. கழற்றிய பிளக்குகளின் முனையில் ஆயில் கரியாக அப்பியிருந்தது.

"என்ன சார், காலையிலேயே ஆபரேஷனா?"

போன வாரம்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற தபால்காரர், கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

"பிளக்குல கரி. சுத்தம் பண்ணிட்டா ஓடிடும். உள்ள வந்து அந்த டப்பாவைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

தபால்காரர் வந்து பெட்ரோல் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். நூலகர் ஒவ்வொரு பிளக்காக நனைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். ஒரு பிளக் நழுவி விழப் பார்த்தது.

"அவசரமாப் போகணுமா?"

நூலகர் பிரஷ்ஷை இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நேத்து அடிச்ச காத்துல தெருமுனை மரம், கரண்ட் கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு விழுந்து கிடக்கு. சைக்கிள்கூட நுழைய முடியாது. வெட்டி எடுக்கச் சாயங்காலம் ஆகும்ங்கறாங்க. இதைச் சரி பண்ணி எங்க போகப்போறீங்க?"

"தெரியும். விடியறதுக்கு முன்னாடியே போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

தபால்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் டப்பாவைக் கீழே வைக்கவில்லை.

"இருபத்தஞ்சு," என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

நூலகர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். ஸ்பானரை மூன்றாவது பிளக்கில் மாட்டி அழுத்தினார். அது கல்லாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனவரின் தோளைத் தபால்காரர் தொட்டார்.

"இருங்க. இன்ஜின் இன்னும் கொதிக்குதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

ஒரு பழைய அட்டையை எடுத்து அவரே இன்ஜினுக்கு விசிறத் தொடங்கினார். நூலகர் பிளக்கைச் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தார். சும்மா நிற்பதைப்போலக் கொடுமை வேறில்லை. உள்ளே மனைவி யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. பதில் கேட்கவில்லை.

மறுபடி ஸ்பானரை மாட்டினார். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். மரை போய்விட்டதோ என்று ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிளக் அசைந்திருந்தது. நான்காவது சொன்ன பேச்சைக் கேட்டது. தேய்த்து, துடைத்து, முதலில் விரலால், பிறகு ஸ்பானரால் நான்கையும் திருகினார்.

"பன்னிரண்டு." ஜன்னலிலிருந்து மறுபடி குரல் வந்தது.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, முனகியது, பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க."

"பேட்டரி இன்னும் ஒரே ஒரு தடவைதான் தாங்கும்."

இறங்கி வந்து, ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிக்கொண்டே போனார். அவசரத்தில் இரண்டாவது ஒயரை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டியிருந்தார். மாற்றி மாட்டினார். உள்ளே போய் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

ஒரு உறுமல். நீலப்புகை பின்பக்கமாகத் தெருவுக்குப் போனது. இன்ஜின் குலுங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

தபால்காரர் ஓடிப்போய் கேட்டை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். "எடுங்க சார். மரத்துக்கிட்ட நாலு பேரைச் சேர்த்துத் தள்ளிப் பார்ப்போம்."

கார் நகரவில்லை. நூலகர் இறங்கி ஓடி, வீட்டு ஜன்னல் வழியே தொங்கிய ஒயரை, கார் பேட்டரியோடு இணைத்திருந்த சின்ன இன்வெர்ட்டரில் செருகினார்.

உள்ளே ஏதோ ஒரு மெஷின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது: "ஆக்சிஜன் வருதுங்க, அக்காவுக்கு மூச்சு சீராகுது, சிலிண்டரை மூடிட்டேன், அதுல இன்னும் நாலு நிமிஷம் மிச்சமிருக்கு."