ஆரோக்கியசாமியை எடுத்துப் பார்த்தார்கள்

முதலில் மழையை எடுத்தார்கள்.

திரையில் நீலக் கோடு சரசரவென்று இறங்கி, இரண்டே வருஷத்தில் ஏரி வறண்டது. நிபுணர் குழுத் தலைவி கிருஷ்ணகுமாரி திருப்தியாகத் தலையசைத்தார். மழை இல்லாவிட்டால் ஏரி வறள வேண்டும். அந்த மட்டுக்கும் மாடலுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

அடுத்து சுற்றுலாப் பயணிகளை எடுத்தார்கள். அன்னாசிப் பழக் கடைகள் படுத்தன, ஏரியில் பிளாஸ்டிக் குறைந்தது. அதுவும் சரி.

பிறகு சின்னுசாமியின் மாடுகளை எடுத்தார்கள். நீர்மட்டம் அரை விரல் கூடியது. ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சின்னுசாமிக்கு முகம் சுண்டிப்போனது.

கொல்லிமலையின் அந்த ஏரிக்கரை அலுவலகத்தில் காலையிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஏரியையும் அதைச் சுற்றியிருப்பதையும் கம்ப்யூட்டருக்குள் பெட்டி பெட்டியாகப் போட்டு, எது எதை இழுக்கிறது என்று அம்புக்குறிகளால் கட்டி, முப்பது வருஷத்தை முப்பது நொடியில் ஓட்டிக் காட்டும் மாடல் அது. எட்டு மாதம் மலையில் தங்கி அதைக் கட்டியவள் ராசிபுரத்துக்காரி கலைமணி. அதை நம்பலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லத்தான் மூன்று பேர் கொண்ட குழு வந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வைக்கும் பரீட்சை.

"அடுத்தது?"

"ஆரோக்கியசாமிங்க, மேடம்," என்றாள் கலைமணி.

சுவரோர நாற்காலியில் மதகுக் காவலர் ஆரோக்கியசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆறு வருஷத்தில் ஏழு தடவை மாறுதல் கேட்டு மனுப் போட்டவர் அவர். மனைவி ரோஸ்லினும் மகளும் சிவகங்கையில் இருந்தார்கள். மகள் போனிலேயே வளர்ந்துவிட்டாள். அப்பா என்றால் அவளுக்குக் கழுத்துக்கு மேலே மட்டும்தான். இந்த முறை மேலிடம் ஒரு வழி சொல்லியிருந்தது. அவர் இல்லாமலும் ஏரி நடக்கும் என்று மாடல் காட்டினால் பணியிடம் ரத்து. நிரந்தர ஊழியர் என்பதால் வேலை போகாது, சிவகங்கைக்கே அனுப்பிவிடுவார்கள்.

கோடு அசையக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டார். தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நிரூபணமாக வேண்டி இவ்வளவு உருக்கமாகப் பிரார்த்தித்த அரசு ஊழியர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

அவர் பெயருக்கு எதிரே ஒன்று என்று இருந்த இடத்தில் கலைமணி பூஜ்யத்தைத் தட்டினாள்.

கோடு துள்ளியது. திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போயேவிட்டது. ஆரோக்கியசாமி இல்லாத ஏரி வாசலூர்பட்டியை மூழ்கடித்தது, தேவனூர் நாட்டை மூழ்கடித்தது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒழுங்காகத் திரும்பித் திரும்பி அடிவாரத்துக்கு இறங்கியது. குழு உறுப்பினர் இமானுவேல் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்றாம் மாதம் சேலம் ஜங்ஷனில் படகு விடலாம் என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

ஆரோக்கியசாமிக்குக் கணக்கு வராது. ஆனாலும் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று வாத்தியார் தலையில் குட்டியது நினைவிருந்தது. மதகுப் பெட்டியில் ஏரித் தண்ணீர் மொத்தத்தையும் அவரால் வகுத்திருந்தார்கள். திரையிலேயே தெரிந்தது.

எழுந்து நின்றார். "மேடம், இது கணக்குப் பிழை. போன வருஷம் மஞ்சக்காமாலை வந்து நாப்பது நாள் ஊர்ல கிடந்தேன். மதகுப் பக்கம் ஒரு ஈ காக்கா வரலை. ஏரிக்கு ஒண்ணும் ஆகலையே!"

கிருஷ்ணகுமாரி பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். நாற்பது நாள் உண்மைதான். மூவரும் தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுத்தார்கள். மாடல் ஒன்று சொல்கிறது, ஏரி ஒன்று சொல்கிறது. நெடுநேரம் யோசித்துவிட்டுக் குழு மாடலை நம்புவதென்று முடிவு செய்தது. அந்த நாற்பது நாட்களும் பிழையான பதிவு என்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டன.

"உங்க தன்னடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் கிருஷ்ணகுமாரி.

மாடல் நம்பத் தகுந்தது, இப்பணியாளர் எக்காலத்திலும் அகற்றத்தக்கவர் அல்லர் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஆரோக்கியசாமிக்குச் சால்வை போர்த்திக் கை தட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து சின்னுசாமியும் தட்டினார்.

குழுவின் ஜீப் கிளம்பியதும் கலைமணி பக்கத்தில் வந்தாள்.

"பயந்துட்டீங்களாங்க சார்? அது பிழை இல்லீங்க. நான்தானுங்க வேணும்னே அப்படி வகுத்து வெச்சேன். இதுக்கு முன்னாடி மூணு ஊர்ல மாடல் போட்டனுங்க. ஆளை எடுத்தா கோடு அசையவே இல்லீங்க. மூணு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க." அவளுக்குக் கண் கலங்கியது. "எட்டு மாசமா இந்த மலைல எனக்குச் சோறு போட்டது உங்க டிபன் கேரியருங்க. உங்களை அப்படி உட்டுருவனுங்களா?"

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். முகம் தெரியாத அந்த மூன்று பேர் மீதும் ஆரோக்கியசாமிக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவளிடம் மாறுதலைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. சொன்னால் சிபாரிசு ஆகிவிடும், மாடல் தன் பக்கம் சாய்ந்துவிடும் என்று நேர்மையாக இருந்துவிட்டார்.

"நல்லா இருங்கம்மா," என்றார். சால்வையை முகத்தில் அழுத்திக்கொண்டார். அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணுங்க சார்," என்று குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ரிட்டயர் ஆகுற வருஷத்தையும் ஓட்டிப் பாத்துட்டனுங்க. அப்பவும் உங்களை எடுக்க முடியாதுங்க."