அப்பன் உட்காருமா?

அரியலூர் டைனோசர் பண்ணையின் வேலியோரம் ஆராய்ச்சியாளர் இளம்பரிதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த இனத்தில் அடைகாத்தது அப்பன்தான் என்று புதைபடிவ முட்டைகளை வைத்து ஊரெல்லாம் சாதித்தவர் அவர். உயிர்ப்பித்த ஜோடியில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. ஆணோ, விலை படியாதவன்போல முட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அது உட்காராவிட்டால் இவர் மானம் கப்பலேறிவிடும்.

மனைவி பொற்கொடி, காய்ச்சலில் சிணுங்கும் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"ராத்திரியெல்லாம் நான் தூக்கியாச்சு. இனி நீங்க."

"அது உக்காரப்போற நேரத்துலயா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க உக்காருங்க."

முணுமுணுத்தபடி, வேலி தெரியாத மரத்தடியில் உட்கார்ந்தார். குழந்தை அவர் மார்பில் சாய்ந்து ஒருவழியாகத் தூங்கியது.

"ஏங்க, அப்பன் உக்காந்துடுச்சு! ஓடியாங்க!"

இளம்பரிதி அசையவில்லை.

"கத்தாதே," என்று கிசுகிசுத்தார். "இப்பத்தான் கண்ணை மூடியிருக்கு."