மனைவி சம்பந்தப்பட்ட இரண்டு சொற்கள்

காக்ஸ் டவுன் வீட்டில் எட்வின் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஷெரின். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். இவள் சரியென்றால்தான் கல்யாணம் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

“அக்சோரியஸ், அக்சோரிசைட். ரெண்டுக்கும் அர்த்தம் சொல்லுங்க பார்ப்போம்.”

எட்வின் சட்டைப்பையைத் தொட்டான். “ஃபோன்ல பார்த்துச் சொல்லட்டுமா?”

“காப்பியடிக்கக் கூடாது.”

“அப்ப தெரியாதுங்க.”

“லத்தீன்ல மனைவிங்கிற ஒரே சொல்லுல இருந்து வந்ததுதான் ரெண்டும். முதலாவது, பெண்டாட்டிதாசன். ரெண்டாவது, பெண்டாட்டியைக் கொல்றது. நீங்க எந்தப் பக்கம்?”

“ஐயோ, முதல் பக்கம்தான்!”

“எல்லா ஆம்பளையும் அதைத்தான் சொல்வாங்க. என்ன ப்ரூஃப்?”

எட்வின் யோசித்தான்.

“போன ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு இங்க சாப்பிட்டேன்ல? மீன் குழம்புல உப்பு தூக்கல். ரெண்டு தடவை கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டேன்.”

ஷெரினால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நான் அன்னிக்குத் தயிர் சாதத்தோட எழுந்துட்டேன்” என்றவள், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“மம்மி, வெளிய வா! எனக்கு ஓகே. இவரை நீ கட்டிக்கலாம்.”

மகள் முன்னால் வெட்கப்படலாமா கூடாதா என்று தெரியாமல், சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி ரோஸ்லின் வெளியே வந்தாள்.