தோரணம் கழற்றும் வேலை

முக்காலிமேல் நின்று அப்பா தோரணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி முக்காலியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி, "அந்த மூலையில இன்னொண்ணு இருக்கு மாமா, அதையும் எடுத்துடுங்க" என்று வேலை ஏவிக்கொண்டிருந்தாள்.

பெட்டியும் கையுமாக வாசலில் நின்ற மகள் அதைப் பார்த்தாள். அம்மாவின் காரியத்துக்கு வந்துபோன பிறகு இப்போதுதான் வருகிறாள். அதற்குள் அப்பாவுக்கு இந்த நிலைமையா?

"பண்டிகை முடிஞ்சு எத்தனை மாசமாச்சு! வயசானவர் கழட்டட்டும்னு இத்தனை நாளா தொங்கவிட்டு வச்சிருந்தியா?"

தம்பி மனைவி மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். "உள்ள வாங்க அண்ணி, காபி போடறேன்."

"உன் காபியை நீயே குடி."

அப்பா மெல்ல இறங்கினார். "வாம்மா, எப்ப வந்தே? இரு, இதை முடிச்சிடறேன். பண்டிகைக்கு மறுநாளே எடுத்து வைக்கலேன்னா உங்கம்மா வீட்டை ரெண்டாக்கிடுவா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். துக்கத்தை மறைக்க எப்படியெல்லாம் வேடிக்கை பேசுகிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்து, தோரணத்தில் தொங்கிய கண்ணாடி உருண்டைகளை ஈரத்துணியால் துடைத்தார். உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினார். சுற்றிச் சுற்றிக் கசங்கி, தாள் துணிபோல் துவண்டிருந்தது. புதுத் தாள் கொடுக்கக்கூட இவளுக்கு மனமில்லை. கடவுளே, அம்மா இருந்தால் இப்படி விடுவாளா?

"அப்பா, நாளைக்கே என்கூட வந்துடுங்க. அங்க ஒரு துரும்பைக்கூட நீங்க தூக்க வேண்டாம்."

"சும்மா உட்கார்ந்து என்னம்மா பண்றது?"

மகள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, அவரே செய்யட்டுமே. மெதுவா முடிக்கட்டும்..."

"பேசாதே! பெத்த அப்பனா இருந்தா இப்படி வேலை வாங்குவியா?"

மளமளவென்று துடைத்தாள். விளக்குச் சரத்தைத் தூசு தட்டி அட்டையில் சுற்றினாள். பெட்டிகளை மூடி நாடா ஒட்டிப் பரணில் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினாள்.

அப்பா வெறுங்கையோடு நின்றிருந்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். படுக்கையறைப் பக்கம் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்தார்.

தம்பி மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "மாத்திரை போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் படுங்க மாமா." குழந்தையை அழைத்துப்போவதுபோல் உள்ளே கூட்டிப்போனாள்.

"இன்னிக்காவது படுக்க விட்டியே, புண்ணியம்!" என்றாள் மகள்.

அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தம்பி மனைவி வெளியே வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள். பரணிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, நாடாவைப் பிய்த்து, தோரணத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டத் தொடங்கினாள்.

"பைத்தியமா உனக்கு? இப்பத்தானே எல்லாத்தையும் எடுத்து வச்சேன்!"

"மெதுவாப் பேசுங்க. மாமா எழுந்திருக்கறதுக்குள்ள மாட்டிடணும். தினமும் இப்படித்தான்."

"தினமுமா? எதுக்கு?"

அவள் திரும்பவில்லை. அடுத்த சரத்தை எடுத்தாள்.

"வேலை இல்லேன்னா, அத்தை எங்கேன்னு கேட்பாரு, அண்ணி."