பார்ட்ஸ் இன்னும் வரலை

"பார்ட்ஸ் இன்னும் வரலை ரொஹானா. அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார் பட்டறை முதலாளி கெங் ஹோ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். மலேசியாவின் தைப்பிங்கில் கடை முதலாளியை 'தவுக்கே' என்பார்கள்; எல்லாருக்கும் அவர் தவுக்கேதான்.

இதே பதிலைத்தான் அவள் அப்பா இட்ரிஸிடமும் சொல்லிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாராம் மனிதர். அப்பா வாயில்லாப் பூச்சி, தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். ரொஹானா இன்று விடுவதாக இல்லை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தாள்.

கார் இல்லாமல் வீடே தடுமாறிப்போயிருந்தது. பள்ளிக் கதவு திறக்கிற நேரத்துக்கு அவள் ஃபேக்டரியில் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். பேத்தி சுஹைலாவைக் காரில் கொண்டுபோய் விடுவது தாத்தாதான். இப்போது அவளே மகளை நடத்திக் கூட்டிப்போய் விட்டுவிட்டு ஓடுவதற்குள் கம்பெனி பஸ் போய்விடுகிறது. இன்னொரு தடவை தாமதமானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். புருஷன் விட்டுப்போன வீட்டில் அவள் சம்பளம்தான் சோறு.

அப்பாவோ எதுவும் பேசுவதில்லை. அவள் வாங்கிக் கொடுத்த தைலத்தைக் காலில் தேய்த்தபடி நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஏமாற்றுக்காரனால்தான் அவர் இப்படி ஆகிவிட்டார் என்று அவளுக்கு ஆத்திரம்.

"முதல்ல என்ன சொன்னீங்க? புகைக்குழாயில கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு, அதான் வண்டி இழுக்கலைன்னீங்க. மாத்தியாச்சு. அப்புறம் கியர்பாக்ஸ் பக்கம் போய் டார்க் கன்வெர்ட்டர் எரிஞ்சுபோச்சுன்னீங்க. அதையும் மாத்தியாச்சு. போட்டு ஒரு மாசம் ஓடலை, மறுபடியும் அதேதானா? எங்கப்பா தலையில இன்னும் எத்தனை தடவை மிளகா அரைப்பீங்க?"

டயர் மாற்ற வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவுக்கே பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கார் மூலையில் நின்றது. சாவி பக்கத்து ஆணியில் தொங்கியது. ரொஹானா வெடுக்கென்று அதை எடுத்தாள்.

"வேணாம் ரொஹானா," என்று தவுக்கே முதல்முறையாக எழுந்து வந்தார். அதற்குள் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு குலுக்கல் இல்லை, எங்கேயும் திணறவில்லை.

"வராத பார்ட்ஸ் எப்படித் தவுக்கே உள்ள போச்சு?" என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள். பட்டறையில் எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டாள். அப்பா நெருங்கிய கூட்டாளி என்றுகூடப் பார்க்காமல் ஏமாற்றுகிற இடத்தில் இனி எவனும் வண்டி விடமாட்டான், ஊர் முழுக்கச் சொல்லப்போகிறேன் என்றும் வாயில் வந்ததெல்லாம் பேசினாள்.

"வண்டிய எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு அப்பா ஓட்டுவாரு."

தவுக்கே மழையிலேயே இறங்கி ஜன்னலருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ எடுத்துட்டுப் போ. சாவிய மட்டும் அப்பா கையில குடுத்துடாத."

"ஏன்?"

"புது டார்க் கன்வெர்ட்டர் அவ்வளவு சீக்கிரம் எரியாதும்மா. தொறந்து பாத்தா எண்ணெய் கருகிக் கிடக்கு, பிரேக்கும் சுத்தமா தேஞ்சிருக்கு. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவர ஓட்டச் சொன்னேன். வலது காலு மரத்துப்போச்சு அவருக்கு. எவ்வளவு மிதிக்கிறோம்னே தெரியல. அந்தப் பயத்துல இடது கால பிரேக்லயே அழுத்தி வச்சுக்கிட்டு ஓட்டுறாரு. அதான் எரியுது."

ரொஹானா எஞ்சினை அணைத்தாள்.

"கடைசியா ஸ்கூலுக்கு ஓட்டின அன்னிக்கு ஸ்கூல் வாசல்ல வண்டி திடீர்னு பாஞ்சிடுச்சாம். பிள்ளைங்க கூட்டம். மயிரிழையில தப்பிச்சது. நேரா இங்க வந்து அழுதாரு. வண்டிய நான் அப்பவே சரி பண்ணிட்டேன். திருப்பித் தராதன்னு சொன்னது அவர்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

தவுக்கே அவள் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார்.

"கால் மரத்துப்போகுதுன்னு சொன்னாராமே. தைலம் தேய்ச்சுக்கிட்டு ஓட்டுங்கப்பா, உங்கள விட்டா எனக்கு யாருன்னு சொன்னியாம்."

மனசில்லாமல் மீதியையும் சொன்னார்.

"'கால் கெட்டுப்போச்சுன்னு சொன்னா என் பொண்ணு நம்ப மாட்டா கெங் ஹோ. வண்டி கெட்டுப்போச்சுன்னு நீ சொல்லு, நம்புவா'ன்னுதான் சாவிய என் கையில குடுத்தாரு."